ஆங் மோ கியோ ஆங்கிலத்தில் நம் வீட்டுச் சொற்கள்

சிங்கப்பூருக்கு உறவினரைப் பார்க்கப் போய்வரும் நம்மவர்களுக்கு ஆங் மோ கியோ பழக்கமான பெயர். 1973-ஆம் ஆண்டு முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய அடுக்குமாடி நகரம் அது. ஆனால் பெயரின் பொருளைக் கேட்டால் அங்கே குடியிருப்பவர்களே சற்று யோசிப்பார்கள்.

ஹொக்கியென் மொழியில் 'ஆங் மோ' என்றால் செம்முடி. வெள்ளைக்காரர்களுக்குச் சீனர்கள் வைத்த பட்டப்பெயர் அது. 'கியோ' என்பதைப் பாலம் என்று கொண்டால் 'வெள்ளைக்காரன் பாலம்' என்றாகும். அந்த வெள்ளைக்காரர் 1840-களில் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் என்று சொல்வாரும் உண்டு. கத்தரிக்காய் என்று கொண்டாலோ 'வெள்ளைக்காரன் கத்தரிக்காய்', அதாவது தக்காளி! வழக்கு இன்னும் தீரவில்லை. எப்படியானாலும், தெருவில் பிறந்த ஒரு பட்டப்பெயர் இன்று ரயில் நிலையப் பலகை வரை ஏறிவிட்டது.

இத்தகைய சொற்கள் கலந்த ஆங்கிலத்துக்குத்தான் 'சிங்லிஷ்' என்று பெயர். அங்குள்ள உணவங்காடி நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், காது நிறையக் கேட்கலாம். தோற்றுவிடுவோமோ என்று முந்தியடிப்பவர் 'கியாசு'. ஹொக்கியெனில் 'கியா' பயம், 'சு' தோல்வி. வேலையின்றிச் சாய்ந்து கிடப்பது 'லேப்பாக்', இது மலாய். ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை மேசையில் வைத்து இடம் பிடிப்பது 'சோப்'. இதைக் குளிக்கும் சோப்பு என்று எண்ண வேண்டாம். முத்திரை குத்துவதைக் குறித்த இந்திச் சொல் மலாய்க்கும் வணிகர்களின் ஆங்கிலத்துக்கும் போய், கடைசியில் நாற்காலிக்கே முத்திரை குத்தும் சொல்லாகிவிட்டது.

அரசாங்கத்துக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. 'பூவா சூ காங்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் நாயகன் சிங்லிஷில் வெளுத்து வாங்குவான். அவன் ஆங்கில வகுப்புக்குப் போகவேண்டும் என்று 1999-இல் தேசிய தினப் பேருரையிலேயே பிரதமர் கோ சோக் டோங் குறிப்பிட்டார். மறு ஆண்டு 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கமும் தொடங்கியது. ஆனால் சொற்கள் ஆணைக்குப் பணிவதில்லை. 2016-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி சிங்கப்பூர்ச் சொற்கள் 19-ஐ ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது. 'லேப்பாக்' அதில் ஒன்று. நம் 'ஆங் மோ'வும் அதில் ஒன்று!

சரி, இதில் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. அந்தப் பேச்சில் நம் பாட்டன் பூட்டனின் குரலும் கலந்திருக்கிறது.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மிட்டாயும் பத்திரிகையும் விற்கும் சின்னக் கடைக்குச் சீனரும் மலாய்க்காரரும் சேர்ந்து வைத்திருக்கும் பெயர் 'மாமா கடை'. தமிழ் முஸ்லிம் வணிகர்களை 'மாமா' என்று மரியாதையாக அழைத்த நாளில் பிறந்த பெயர் அது. நம் ஊரில் 'மாமாக்' கடை என்கிறோமே, அதுவும் இதே மாமாதான். தேசிய சேவையில் ஒன்றாகப் பயிற்சி பெறும் இளைஞர்கள் இனம் பாராமல் ஒருவரையொருவர் 'மச்சா' என்று கூப்பிடுகிறார்கள். நம் 'மச்சான்' எந்தச் சீர்வரிசையும் வாங்காமல் எல்லா வீட்டுக்கும் உறவாகிவிட்டான்!

என் தங்கை குடும்பம் ஆங் மோ கியோவில் இருக்கிறது. பத்து வயது மருமகன் தன் அக்காளை 'கூண்டு' என்று திட்டினான். என்னடா அது என்றேன். "இங்கிலீஷ் மாமா, முட்டாள்னு அர்த்தம்" என்றான். பருத்த ஆளைச் சொல்லும் நம் 'குண்டு'தான் சிங்லிஷில் முட்டாளாக மாறியிருக்கிறது என்று சொன்னேன். பிள்ளை நம்பவில்லை. சில்வியா டோ பைக் சூ என்ற பத்திரிகையாளர் 1982-இல் சிங்லிஷ் பற்றி எழுதிய நகைச்சுவைப் புத்தகத்துக்கே 'ஏ, கூண்டு!' என்று பெயர் வைத்தார். அவ்வளவு பரவிய தமிழ்ச் சொல், தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலமாகத் தெரிகிறது!

இதுவரை சொன்னவை சிரிக்க வைப்பவை. சுடும் சொற்களும் உண்டு.

'கூலி' என்பது உழைப்புக்குப் பெறும் ஊதியம். அதில் அவமானம் ஏதுமில்லை. அந்தச் சொல்லை வெள்ளைக்காரத் துரைமார் ஆளுக்கே பெயராக்கி, வசவாகவும் ஆக்கினார்கள். குஜராத்தின் 'கோலி' என்ற குலப்பெயரும் இதில் கலந்திருக்கலாம் என்பர். பறை கொட்டிய மக்களின் பெயரோ ஆங்கிலத்தில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் இன்றும் செய்தித்தாள்களில் எந்தக் கூச்சமுமின்றி அச்சாகிறது.

'கெலிங்' என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பர். ஒரு காலத்தில் அதில் இழிவு இல்லை. பினாங்கில் இந்திய முஸ்லிம்களின் தலைவருக்கு 'கப்பித்தான் கெலிங்' என்பது பட்டம். 1801-இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. காலப்போக்கில் அதே சொல் ஏளனமாக மாறியது. சிங்கப்பூரில் 'கிளிங் ஸ்திரீட்' என்றிருந்த தெருப்பெயரை இந்தியர்கள் ஆட்சேபித்தார்கள்; 1920-களின் தொடக்கத்தில் அது 'சூலியா ஸ்திரீட்' ஆயிற்று. எழுத்து மாறாமலே ஒரு சொல் பட்டமாகவும் இருக்கும், வசவாகவும் இருக்கும். சொல்லுபவரின் மனத்தைப் பொறுத்தது அது.

பெற்றோர்களே, பிள்ளைகள் இப்படிப் பேசினால் உடனே வாயில் அடிக்காதீர்கள். வீட்டில் உடுத்தும் கைலிக்கும் பள்ளிச் சீருடைக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரியும். கைலியோடு நேர்முகத் தேர்வுக்குப் போகக்கூடாது என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். தேர்வுத்தாளில் ஓர் ஆங்கிலம், காப்பிக்கடையில் ஓர் ஆங்கிலம் என்று இரண்டையும் கையாளத் தெரிந்த பிள்ளை கெட்டுப்போவதில்லை.

இன்னொன்றும் செய்யலாம். என் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் கரும்பலகையில் ஒரு தெருச்சொல்லை எழுதுவேன். அது எந்த மொழியிலிருந்து வந்தது, முதலில் யார் சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னால் அவர் மனம் நோகும் என்று பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரவேண்டும். 'கூலி' என்று எழுதிய வாரம், தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டை ஒரு பெண் பிள்ளை வகுப்புக்கே கொண்டுவந்து காட்டினாள். அந்தச் சொல்லை வைத்து யாரையும் கேலி செய்யக்கூடாது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.