வேதசாட்சிகளின் விழாவும் புனித அகுஸ்தினாரின் மறையுரையும்

புனிதர்களுக்குத் திருச்சபை செலுத்தும் வணக்கம் இடைக்காலத்தில் வந்து புகுந்த வழக்கம் என்று கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கி.பி. 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியானார் கிறிஸ்துவுக்காகத் தலை வெட்டுண்டு உயிர் துறந்தார். அவர் மரித்த இடத்தில் பின்னர்ப் பீடம் எழுந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் விசுவாசிகள் கூடி நின்று திருப்பலியில் பங்கு கொண்டனர். வேதசாட்சி மரித்த நாளை அக்காலக் கிறிஸ்தவர்கள் இறந்த நாள் என்னாது, பிறந்த நாள் என்றே அழைத்தனர்.

ஆயினும் பக்தி வளர்ந்த இடத்தில் களையும் உடன் முளைத்தது. கல்லறைகளுக்கு உணவும் திராட்சை இரசமும் கொண்டு சென்று உண்பது வட ஆப்பிரிக்க மக்களின் பழைய பழக்கம். கிறிஸ்தவர்களான பின்னும் அவர்கள் அதனை விடவில்லை.

மோனிக்கம்மாளின் கூடை

அகுஸ்தினாரின் அன்னை புனித மோனிக்கம்மாளும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டவரே. மிலான் நகரில் வாழ்ந்தபோது, தம் நாட்டு முறைப்படி கூழும் அப்பமும் இரசமும் ஏந்தி வேதசாட்சிகளின் நினைவிடத்திற்குச் சென்றார். வாயிற்காவலன் தடுத்தான். தடை விதித்தவர் ஆயர் அம்புரோசியார் என்று அறிந்த மாத்திரத்தில், அன்னை முறுமுறுக்காமல் கீழ்ப்படிந்தார். குடியர்களுக்கு இடங்கொடுத்தல் ஆகாது என்பதும், புறவினத்தாரின் நீத்தார் சடங்கை அது ஒத்திருந்தது என்பதுமே தடைக்குக் காரணங்கள். அதன்பின் அவர் செபம் நிறைந்த உள்ளத்தோடு அங்குச் சென்றார். தம்மால் இயன்றதை ஏழைகளுக்கு அளித்தார். தம் வாழ்வைத் தாமே கூறும் நூலில் மகன் இதனைக் குறித்து வைத்துள்ளார்.

ஹிப்போவில் நடந்தது

391-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்ற அகுஸ்தினார், இன்று அல்ஜீரியாவில் அன்னாபா என வழங்கும் ஹிப்போ நகரில், முதியவரான ஆயர் வலேரியாருக்குத் துணையாய்ப் பணியாற்றினார். அந்நகரின் முன்னாள் ஆயர் லெயோன்சியாரின் விழாவில் மக்கள் ஆலயத்திற்குள்ளேயே உண்டு குடித்து வெறிப்பது வழக்கம். அதற்கு 'மகிழ்ச்சி' என்று பெயரும் இட்டிருந்தனர்! 395-ஆம் ஆண்டில் இதனை நிறுத்தத் துணிந்தார் அகுஸ்தினார். நடந்ததைத் தம் நண்பர் அலிப்பியாருக்கு மடலாக வரைந்துள்ளார்.

விழாவுக்கு முந்திய நாள்களில் அவர் வேதாகமத்தைக் கையிலேந்திப் பேசினார். ஆண்டவர் ஆலயத்திலிருந்து வணிகர்களை விரட்டியதை வாசித்தார். விற்பனைக்கே இடமில்லாத ஆலயத்தில் குடிவெறிக்கு இடமுண்டோ என வினவினார். பொற்கன்றுக்கு முன் உண்டு குடித்து ஆடிய இஸ்ராயேலரை நினைவூட்டினார். மக்கள் கண்ணீர் சிந்தினர்; அவரும் அழுதார்.

ஆனால் விழா நாளன்று காலையில் முறுமுறுப்பு எழுந்தது. இத்தனை காலம் தடுக்காதிருந்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லரோ, இப்போது மட்டும் ஏன் தடை என்று சிலர் கேட்டனர். எசேக்கியேல் ஆகமத்தில் காவலனைப் பற்றிக் கூறும் பகுதியை வாசித்துவிட்டு, ஆடையை உதறி வெளியேறுவதென்றே அவர் எண்ணினார். அதற்குள் முறுமுறுத்தவர்களே அவரிடம் வந்தனர். அவர் கடிந்துகொள்ளவில்லை, கனிவுடன் ஏற்று, அவர்கள் கேள்விக்கு விடையளித்தார். வேத கலாபனைகள் ஓய்ந்தபின் திரளாக வந்த புறவினத்தார் தங்கள் பழைய விருந்துகளை விடத் தயங்கினர். அவர்களின் பலவீனம் கருதி முன்னோர் சில காலம் பொறுத்துக்கொண்டனர். இப்போது முதிர்ச்சியுற்ற மக்கள் அதனை விட்டொழிக்க வேண்டும் என்றார்.

அன்று மாலை, அருகிலிருந்த தொனாத்துப் பிரிவினரின் கோயிலிலிருந்து விருந்தின் ஆரவாரம் கேட்டது. கத்தோலிக்க ஆலயத்திலோ காலையினும் பெருங்கூட்டம் கூடி, வாசகங்களைக் கேட்டும் சங்கீதங்களைப் பாடியும் இருந்தது. குருக்கள் சென்ற பின்னும் இருட்டும்வரை மக்கள் பாடிக்கொண்டிருந்தனர்.

ஆராதனை இறைவனுக்கே

இதனால் அகுஸ்தினார் புனிதர் வணக்கத்தையே வெறுத்தார் என்று கொள்ளலாகாது. வேதசாட்சிகளைக் கிறிஸ்தவர்கள் விக்கிரகங்களாக்கினர் என்று மனிக்கேய பேதகத்தாரான பவுஸ்துஸ் பழித்தபோது, அதனை வன்மையாக மறுத்தவர் அவரே. வேதசாட்சிகளின் நினைவிடத்தில் பீடம் எழுப்பினும், பலி ஒப்புக்கொடுக்கப்படுவது வேதசாட்சிக்கு அன்று, அவருக்கு முடிசூட்டிய இறைவனுக்கே என்று விளக்கினார். அவர்களை நாம் பெருமைப்படுத்துவது, அவர்களைப் பின்பற்றவும் அவர்களுடைய செபத்தின் துணையைப் பெறவுமே என்றார். முதல் வேதசாட்சியான முடியப்பரின் அருளிக்கம் ஹிப்போவுக்கு வந்தபின், நலம் பெற்றோரின் சாட்சியங்களை எழுதச் செய்து ஆலயத்தில் வாசிக்கச் செய்தார். இரண்டு ஆண்டு நிறையுமுன் அவை ஏறத்தாழ 70 ஆயின.

புனிதர் வணக்கத்தின் உண்மைத் தன்மை வெளிச் செயல்களின் எண்ணிக்கையில் அன்று, செயலாற்றும் அன்பின் ஆழத்திலேயே உள்ளது என 1964-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் போதித்தது. நம் பங்கின் பாதுகாவலர் திருவிழா நெருங்கும்போது, குடும்பத்தார் ஒன்றுகூடி இதனை எண்ணிப் பார்ப்பது நலம். விழாச் செலவில் ஏழைக்கு எவ்வளவு? அன்றைய இரவில் நம் இல்லத்தில் செபம் உண்டா, குடி உண்டா? அப்புனிதரின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் அறிவார்களா? மோனிக்கம்மாளைப் போல் நாமும் கூடையை ஏழையின் வாயிலில் வைத்துவிட்டுப் பீடத்தை நெருங்குவோமாக.