நடுவில் இறங்காத சொகுசு விமானங்கள்: மூன்று கம்பெனிகளின் ஆகாயப் போட்டி

2019-ம் ஆண்டு மார்ச் மாதம். சிங்கப்பூரில் இருந்து ஒரு ஆகாய விமானம் கிளம்பியது. பசிபிக் மகா சமுத்திரத்தைத் தாண்டியது. வழியில் எங்கும் இறங்கவில்லை. எரிபொருள் போட்டுக்கொள்ளவில்லை. 16 மணி நேரத்துக்குப் பிறகு, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில் போய் இறங்கியது.

அது பறந்த தூரம் சுமார் 15,100 கிலோ மீட்டர்!

அது முன்னூறு பேரை ஏற்றிச் செல்லும் பெரிய விமானம் அல்ல. பணக்காரர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளும் விமானம். பெயர் "குளோபல் 7500". கனடா நாட்டு "பம்பார்டியர்" கம்பெனி செய்தது. "இந்த வகை விமானத்தில் இவ்வளவு தூரம் யாரும் பறந்ததில்லை" என்று கம்பெனி பெருமை பேசியது.

அந்தப் பெருமை சில வாரங்கள்தான் நீடித்தது.

அமெரிக்காவின் "கல்ஃப்ஸ்ட்ரீம்" கம்பெனி சும்மா இருக்குமா? தனது "ஜி650இஆர்" விமானத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. அதே சிங்கப்பூர், அதே டூசான். 15,518 கிலோ மீட்டரை 15 மணி 23 நிமிஷத்தில் பறந்து காட்டியது. தூரமும் அதிகம், நேரமும் குறைவு!

ஊர்கள் இரண்டும் ஒன்றாக இருக்கும்போது தூரம் மட்டும் எப்படி மாறும் என்று கேட்கலாம். ஆகாயத்தில் நேர் வழிதான் நல்ல வழி என்பது இல்லை. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது. அந்தக் காற்று பின்னால் இருந்து தள்ளும் பாதையில் கொஞ்சம் சுற்றிப் போனாலும் லாபம்தான். இதே பயணத்தை டூசானில் இருந்து சிங்கப்பூருக்குச் செய்திருந்தால், அந்தக் காற்றே எதிரியாகி இருக்கும்.

இந்தப் போட்டியில் மூன்றாவதாக ஒரு கம்பெனியும் இருக்கிறது. அது பிரான்சு நாட்டின் "தசோ". இந்த மூன்று கம்பெனிகளின் கதையும் ஒன்றை ஒன்று மிஞ்சும்.

பனியில் பிறந்த கம்பெனி

கனடாவில் கியூபெக் மாகாணம். பனிக்காலம் வந்தால் கிராமத்துச் சாலைகள் எல்லாம் மூடிக்கொள்ளும். அங்கே ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர் என்ற மெக்கானிக் இருந்தார். பனியில் ஓடும் வண்டி செய்யவேண்டும் என்பது சிறு வயது முதல் அவருடைய ஆசை.

1934-ம் ஆண்டு பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடுமையான நோய் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழி இல்லை. சாலை முழுவதும் பனி. குழந்தை இறந்துவிட்டது.

தகப்பனார் தன் முயற்சியை விடவில்லை. பனியில் ஓடும் வண்டியைச் செய்தே முடித்தார். 1942-ல் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனி பிற்காலத்தில் ரெயில் பெட்டி செய்தது. 1986-ல் "கனடேர்" என்ற விமானக் கம்பெனியை வாங்கி ஆகாயத்திலும் இறங்கியது.

ஆனால் அகலக்கால் வைத்ததால் கடன் ஏறியது. பயணிகள் விமானத் தொழில் "ஏர்பஸ்", "மிட்சுபிஷி" கம்பெனிகளிடம் போயிற்று. 2021-ல் ரெயில் பெட்டித் தொழிலும் கை மாறியது. உலகப் புகழ் பெற்ற "லியர்ஜெட்" சிறு விமானங்களைச் செய்வதும் 2022-ல் நின்றது. கடைசியில் நிலைத்து நின்றது பெரிய சொந்த விமானத் தொழில் ஒன்றுதான்.

ஆகவே பம்பார்டியருக்கு இந்தப் போட்டி வெறும் பெருமைக்காக அல்ல. வாழ்வா சாவா என்ற போட்டி!

சந்திரனுக்குப் போன குடும்பம்

கல்ஃப்ஸ்ட்ரீம் பிறந்தது "கிரம்மன்" என்ற அமெரிக்கக் கம்பெனியில். இரண்டாவது உலகப் போரில் கடற்படைக்குச் சண்டை விமானங்களைச் செய்து கொடுத்த கம்பெனி அது. மனிதன் சந்திரனில் இறங்கிய கூண்டைச் செய்ததும் அதுதான்.

அந்தக் கம்பெனி 1958-ல் முதல் கல்ஃப்ஸ்ட்ரீமைப் பறக்க விட்டது. பெரிய வியாபாரிகளுக்கென்றே செய்யப்பட்ட விமானம் அது. 1978-ல் ஆலன் பால்சன் என்பவர் அந்தத் தொழிலை விலைக்கு வாங்கினார். இப்பொழுது அது ஜார்ஜியா மாநிலத்தில் சவன்னா நகரில் நடக்கிறது. சொந்தக்காரர், "ஜெனரல் டைனமிக்ஸ்" என்ற ராணுவத் தளவாடக் கம்பெனி.

நெடுந்தூரப் போட்டியைத் தொடங்கி வைத்ததும் கல்ஃப்ஸ்ட்ரீம்தான். 1990-களில் "கல்ஃப்ஸ்ட்ரீம் 5" வந்தது. நிற்காமல் 12,000 கிலோ மீட்டர் பறந்தது. உடனே பம்பார்டியர் "குளோபல் எக்ஸ்பிரஸ்" என்ற விமானத்துடன் வந்து நின்றது. அன்று தொடங்கிய பந்தயம் இன்னும் ஓயவில்லை.

சிறையில் இருந்து வந்தவர்

பிரெஞ்சுக் கம்பெனியை உருவாக்கியவர் மார்செல் பிளாக். யூதர். ஹிட்லரின் ஆட்கள் அவரைப் புகன்வால்ட் சித்திரவதை முகாமில் அடைத்தார்கள். அவர் உயிரோடு திரும்பினார். அவருடைய சகோதரர், நாஜிகளை எதிர்த்த ரகசியப் படையில் ஒரு புனைபெயர் வைத்திருந்தார். அதில் இருந்து எடுத்த "தசோ" என்பதையே மார்செல் தன் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்.

1963-ல் அவருடைய கம்பெனி ஒரு சிறிய ஜெட் விமானத்தைச் செய்தது. அதைப் பார்க்க அமெரிக்காவில் இருந்து ஒருவர் வந்தார். அவர்தான் சார்லஸ் லிண்ட்பர்க். 1927-ல் நியூயார்க்கில் இருந்து பாரிசுக்கு, தன்னந்தனியாக, 33½ மணி நேரம் நிற்காமல் பறந்த அதே லிண்ட்பர்க்! விமானத்தைப் பார்த்ததும், "நமக்கு ஏற்ற பறவை கிடைத்துவிட்டது" என்ற கருத்தில் அவர் அமெரிக்காவுக்குத் தந்தி கொடுத்தார். "ஃபால்கன்" என்ற பெயரில் உலகம் அறிந்த விமானங்களின் முதல் குஞ்சு அதுதான்.

இந்திய விமானப் படை வாங்கிய "ரபேல்" சண்டை விமானங்களும் இதே தசோ கம்பெனி செய்தவைதான்.

யார் முந்தி?

இப்பொழுது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

தூரத்தில் கல்ஃப்ஸ்ட்ரீம் முந்துகிறது. அதன் "ஜி800" விமானத்துக்கு 2025 ஏப்ரலில் அரசாங்க அனுமதி கிடைத்தது. நிற்காமல் சுமார் 15,190 கிலோ மீட்டர் போகும் என்பது கம்பெனியின் கணக்கு.

வேகத்தில் பம்பார்டியர் முந்துகிறது. அதன் "குளோபல் 8000" ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 95 பங்கு வரை போகும். அதாவது மணிக்கு சுமார் 1,000 கிலோ மீட்டர். ஜி800 நூற்றுக்கு 93½ பங்கு. 2021-ல் நடந்த ஒரு சோதனையில் பம்பார்டியர் விமானம் ஒலியையே மிஞ்சிப் பறந்தது. அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி அமைப்பான "நாசா"வின் சண்டை விமானம் கூடவே பறந்து அதைக் கவனித்தது. தூரத்திலும் குளோபல் 8000 வெகுவாகப் பின்தங்கவில்லை. சுமார் 14,800 கிலோ மீட்டர் போகும்.

விசாலத்தில் தசோ முந்துகிறது. 2021-ல் அது அறிவித்த "ஃபால்கன் 10எக்ஸ்" விமானத்தின் உட்புற அகலம் 2.77 மீட்டர். மற்ற இரண்டும் சுமார் 2½ மீட்டர்தான். உயரம் 2.03 மீட்டர். ஆறடி ஆளும் தலை குனியாமல் நடக்கலாம். ஆனால் தூரம் சுமார் 13,900 கிலோ மீட்டர். மேலும், 2025-ல் வருவதாக இருந்த விமானம் 2027-க்குத் தள்ளிப் போடப்பட்டது.

விலை? எதுவானாலும் சுமார் 7½ கோடி டாலர் ஆகும். நமது பணத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேல்!

உள்ளே படுக்கை அறை உண்டு. சாப்பாட்டு மேஜை உண்டு. விமானிகள் மாறி மாறித் தூங்க இடம் உண்டு. ஆனால் பயணிகளுக்குப் பெரிய சுகம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. சாதாரண பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி வரை உயரமுள்ள மலையின் மேல் இருப்பதைப் போல இருக்கும். இந்த விமானங்களில், 41,000 அடி உயரத்தில் பறக்கும்போதும் சுமார் 3,000 அடி மலையில் இருப்பதைப் போலத்தான் இருக்கும். அதனால் 14 மணி நேரம் பறந்தாலும் களைப்பு குறைவு.

விளம்பரத்தில் பாதி, கணக்கில் மீதி

விளம்பரத்தில் தூரமும் பெரிய எழுத்தில் இருக்கும். வேகமும் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது!

ஜி800 விமானம் 15,190 கிலோ மீட்டர் போவது ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 85 பங்கில் நிதானமாகப் பறந்தால்தான். 90 பங்குக்கு வேகத்தைக் கூட்டினால், தூரம் சுமார் 12,960 கிலோ மீட்டராகக் குறைந்துவிடும். 2,200 கிலோ மீட்டர் போயிற்று! அதற்குக் கிடைத்த லாபம் என்ன? அந்த 12,960 கிலோ மீட்டர் பயணத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் மிச்சம். அவ்வளவுதான்.

காரணம் இதுதான். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, காற்று சுவர் போல எதிர்த்து நிற்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக எரிபொருள் மளமளவென்று செலவாகிறது.

உயிரைப் பலி கொண்ட எண்

விளம்பரத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும். விமானம் எவ்வளவு குறைந்த ஓடுபாதையில் ஓடி மேலே கிளம்பும் என்பது. குறைந்த வேகத்திலேயே தரையை விட்டு எழும்பினால் ஓடுபாதை குறைவாகப் போதும்.

2011 ஏப்ரல் 2-ந் தேதி, அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் விமான நிலையத்தில், ஜி650 விமானத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு என்ஜின் கெட்டுப் போனால் விமானம் ஒழுங்காகக் கிளம்புமா என்பது சோதனை. விமானம் தரையை விட்டு எழும்பியது. உடனே வலது பக்கம் சாய்ந்தது. இறக்கையின் நுனி ஓடுபாதையில் உராய்ந்தது. விமானம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த இரண்டு விமானிகளும் இரண்டு என்ஜினீயர்களும் மாண்டார்கள்.

அமெரிக்க அரசாங்கத்தின் விபத்து விசாரணைக் குழு துருவித் துருவி ஆராய்ந்தது. தரைக்கு மிக அருகில் பறக்கும்போது இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் கட்டம், கணக்கிட்டதை விட முன்னதாகவே வந்துவிட்டது. கிளம்புவதற்கு என்று குறித்திருந்த வேகம் மிகக் குறைவாக இருந்தது. அந்த வேகத்தை எப்படியாவது எட்டிவிட வேண்டும் என்று கம்பெனி திரும்பத் திரும்ப முயன்றதையும் குழு கண்டித்தது. முன்பு நடந்த இரண்டு சோதனைகளிலும் விமானம் இதே போலச் சாய்ந்திருக்கிறது. அதன் காரணத்தை அப்பொழுதே சரியாகக் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு கணக்குகள் திருத்தப்பட்டன. 2012-ல் விமானத்துக்கு அனுமதி கிடைத்தது. சிங்கப்பூரில் இருந்து டூசானுக்குப் பறந்து சாதனை செய்தது இந்த ஜி650-ன் வழியில் வந்த விமானம்தான்.

எட்டுப் பேருக்கு 22 டன்!

விமானத்துக்கு ஊற்றுவது பெட்ரோல் அல்ல. மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய். ஜி650இஆர் முழு எடையுடன் கிளம்பும்போது அதன் எடை 47 டன். தொட்டி நிறைய ஊற்றினால் எண்ணெயின் எடை மட்டும் ஏறக்குறைய 22 டன்! அதில் போகிறவர்கள் எத்தனை பேர்? கம்பெனி போடும் தூரக் கணக்கு 8 பயணிகளுக்கும் 4 ஊழியர்களுக்கும்தான். அந்த எட்டுப் பேரும் அவர்கள் பெட்டிகளும் சேர்ந்தாலும் ஒரு டன் கூட வராது.

கிளம்பும்போது பாரம் அதிகம். அதனால் நேராக உச்சிக்கு ஏற முடியாது. எண்ணெய் எரிந்து பாரம் குறையக் குறையப் படிப்படியாக ஏறும். முதல் சில மணி நேரம் எரிகிற எண்ணெயில் கணிசமான பகுதி, பின்னால் எரியப் போகிற எண்ணெயைச் சுமப்பதற்கே செலவாகிறது.

ஒரு டன் எண்ணெய் எரிந்தால் மூன்று டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. 20 டன் எரிந்தால் 60 டன்னுக்கு மேல். அது பூமியைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை அனுபவிப்பவர்கள் விமானத்தில் போன எட்டுப் பேர் மட்டும் அல்ல.

தனியார் விமானங்கள் பற்றிய ஒரு பெரிய ஆராய்ச்சி 2024-ல் வெளிவந்தது. இந்த விமானங்கள் 2023-ல் கக்கிய கரியமில வாயு ஒரு கோடியே 56 லட்சம் டன் என்று அது கணக்கிட்டது. 2019-ல் இருந்ததை விட இது நூற்றுக்கு 46 பங்கு அதிகம்.

அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் கண்டுபிடித்தது. தனியார் விமானங்கள் பறந்த பயணங்களில் ஏறக்குறைய பாதி, 500 கிலோ மீட்டருக்கும் குறைவான பயணங்கள். ஒரு ரெயில் ஒரே இரவில் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்!

பூமியின் மறுபக்கத்துக்கு நிற்காமல் போகவேண்டும் என்று மூன்று நாட்டு என்ஜினீயர்கள் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள். நாலு பேர் அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். ஆனால் சொந்த விமானம் வைத்திருப்பவர்களோ, பாதிப் பயணத்துக்கு அடுத்த ஊர் வரைதான் போகிறார்கள்.