தழும்பைத் தடவிப் பார்க்கும் கை

காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து வீடுகளில் புற்றுநோய் என்ற பேச்சு எழுந்தால், அடுத்து வரும் சொல் ஆர்.சி.சி. 1981-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு எல்லை தாண்டிக் குமரி மாவட்டத்தாரும் போகிறார்கள். மார்பு, வாய், கர்ப்பப்பை வாய்ப் புற்று பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். கை கால்களின் சதையிலும் கொழுப்பிலும் வரும் சார்க்கோமா அரிது. பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் 1 சதவீதம் அளவுதான். அதனால்தான் ஏமாற்றுகிறது.

பெரும்பாலும் வலிக்காது. ரப்பர் வெட்டப் போன இடத்தில் இடித்துக்கொண்டது, சதை வீங்கியிருக்கிறது என்று மாதக்கணக்கில் விட்டுவிடத் தோன்றும். அடிபட்டதால் இது வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவும்போது, ஏற்கெனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. 5 சென்டிமீட்டரைத் தாண்டிய, வளர்ந்துகொண்டே வரும், தசைக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து யாரும் கத்தி வைக்கக் கூடாது. முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு ஊசி பயாப்ஸி, அதன் பிறகே அறுவை.

இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சார்க்கோமா வளரும்போது சுற்றியுள்ள திசுவை நெருக்கி, ஓர் உறைபோல ஆக்கிவிடும். பலாச்சுளையைப் போல உருவி எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த உறையிலும் அதற்கு வெளியேயும் புற்றணுக்கள் இருக்கும். உருவி எடுத்தால், அதே இடத்தில் கட்டி மீண்டும் முளைக்கும். நல்ல திசுவையும் சேர்த்து அகலமாக எடுக்க வேண்டும். தேவைப்படுவோருக்குக் கதிர்வீச்சும் தர வேண்டும்.

அப்படியானால் காலையே எடுத்துவிடுவது பாதுகாப்பில்லையா? ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். 1982-ல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. 43 நோயாளிகள், 16 பேருக்கு உறுப்பு அகற்றப்பட்டது, 27 பேருக்கு உறுப்பைக் காத்துக் கதிர்வீச்சு தரப்பட்டது. உறுப்பைக் காத்தவர்களில் 4 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. அகற்றியவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆனாலும் உயிர் பிழைத்திருப்பதில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உயிருக்கு ஆபத்து நுரையீரலுக்குப் பரவுவதால்தான் பெரும்பாலும் வருகிறது. அது பரவுமா என்பதைக் கட்டியின் வீரியம், அளவு, ஆழம், வகை ஆகியவை தீர்மானிக்கின்றன. பயாப்ஸி அறிக்கையில் அந்த வீரியத்தை ‘கிரேடு’ என்று போட்டிருப்பார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயின் போக்கைச் சொல்லும் மிக முக்கியமான வரி அது.

வீரியமுள்ள கட்டி திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். நுரையீரலுக்குப் பரவியதா என்று பார்க்க அடிக்கடி நெஞ்சு சி.டி. எடுக்க வேண்டுமா? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அஜய் பூரி குழு 2006 முதல் 2010 வரை, கை கால்களில் எலும்பு, மென்திசு சார்க்கோமா வந்த 500 பேரைச் சேர்த்து இதை ஆராய்ந்தது. நெஞ்சு எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்கள் உயிர் பிழைப்பதில் சி.டி. எடுத்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. பரிசோதனைக்கு மூன்று மாதமா, ஆறு மாதமா என்ற இடைவெளி பற்றி மட்டும் அவ்வளவு உறுதியான விடை கிடைக்கவில்லை. என்னைக் கவர்ந்தது இன்னொரு முடிவு: அதே இடத்தில் திரும்பிய கட்டிகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் நோயாளிகளேதான்.

கூலி இழந்து பஸ் ஏறிப் போகிறவருக்கு இது பெரிய செய்தி. குளிக்கும்போது தழும்பையும் அதைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். புதிதாக ஏதேனும் தட்டுப்பட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். நுரையீரலில் ஓரிரு புள்ளிகள் தெரிந்தாலும் சிலருக்கு அவற்றை அறுத்தெடுத்து நீண்ட காலம் வாழ வைக்க முடிகிறது. வேறெங்காவது முதலில் கத்தி வைத்திருந்தால், அந்த அறுவைக் குறிப்பையும் பயாப்ஸி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த மருத்துவர் எவ்வளவு அகலம் எடுப்பது என்று முடிவு செய்ய அவை வேண்டும்.