கடவுளுக்குத் தெரியும் என்றால் குற்றம் யாருடையது?

வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போன பெடாசில், சுற்றுவட்டாரத் தோட்ட மக்களோடு நாங்கள் பதிவு செய்த அரங்கத்தின் தலைப்பு என்னவோ குடிப்பழக்கம்தான். பேச்சு போய் நின்ற இடம் வேறு.

ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற பெரியவர் ஒருவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். “தம்பி, இன்னைக்குச் சாயங்காலம் நான் சம்சு குடிப்பேன்னு ஆண்டவருக்கு முன்னமே தெரியுமா, தெரியாதா? தெரியும்னா அது நடந்துதானே ஆகணும்? அப்புறம் என்னைக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்?”

அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மக்கள் தொடர்பியல் டிப்ளோமாவில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது!

கிறிஸ்தவ உலகம் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டி வரும் கேள்வி இது. நேற்று நடந்தது என் நினைவில் இருக்கிறது; என் நினைவா அதை நடத்தியது? அதுபோலத்தான் கடவுளின் முன்னறிவும் என்று வாதாடினார் புனித அகுஸ்தீனார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் ஓர் உவமை சொன்னார். சாலையில் நடப்பவனுக்குப் பின்னால் வருகிறவர் தெரியாது. மலையுச்சியில் நிற்பவருக்கோ எல்லாரும் ஒரே பார்வையில் தெரிவார்கள். பார்ப்பவர் யாருடைய காலையும் பிடித்துத் தள்ளுவதில்லை.

இதையெல்லாம் நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அரங்கத்தில் விடை சொன்னவர் அந்தப் பெரியவரின் மனைவி. “தம்பி, குடிப்பாருன்னு ஆண்டவருக்குத் தெரியும்னு சொல்றாரே, அது இவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம வீட்டுக்கு வரட்டும். அதுதான் ஆண்டவருக்கு முன்னமே தெரிஞ்சதா இருக்கட்டுமே!”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. முன்னறிவு நம் முடிவைத் தொடர்ந்து வருகிறதே தவிர, நம் முடிவை இழுத்துக்கொண்டு போவதில்லை என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த அம்மா இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

வேதாகமத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. யூதாஸ் காட்டிக்கொடுப்பான், பேதுரு மறுதலிப்பான் என்று இயேசு ஒரே இரவில் இருவரைப் பற்றியும் முன்கூட்டியே சொன்னார். பேதுரு அழுது திரும்பி வந்தார். யூதாஸ் திரும்பவில்லை. சொல்லப்பட்டது இருவருக்கும்தான்; பழி அவரவர் செயலுக்கு.

ஆனாலும் வழக்கு முடிந்துவிடவில்லை. சேசு சபையைச் சேர்ந்த மொலினா 1588இல் இது பற்றி எழுதிய நூல், தொமினிக்கன் சபையினரோடு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ரோமில் பல ஆண்டுகள் விசாரணை நடந்தது. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், தீர்ப்பே சொல்லாமல், ஒருவரை ஒருவர் பழிக்கக்கூடாது என்று அனுப்பிவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே சேசு சபையின் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். இங்கே அவர் எதிர்கொண்டது முற்பிறவி வினை பற்றிய நம்பிக்கை. அதை மறுத்துத் தமிழிலேயே நூல் எழுதினார். நம் வள்ளுவரோ ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினைக்கு ஓர் அதிகாரம் என்று இரண்டையும் வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை? ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து நிறுத்தினால் அப்புறம் அது மனிதனின் தேர்வாகுமா என்பது வழக்கமான பதில். தப்பு செய்தவனிடம் சொல்ல அது போதும். அவனால் அடிபட்டவரிடம் சொல்லப் போதாது என்பது என் எண்ணம். ஏனென்றால் கைதட்டல் ஓய்ந்த பிறகு அந்த அம்மா மெதுவாக இன்னொன்றும் கேட்டார். “எங்க மூத்தவன் படிப்பை விட்டுட்டுச் செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போனானே தம்பி, அதுவும் அவருக்கு முன்னமே தெரியுந்தானே?”

பெரியவர் பதில் பேசவில்லை. ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்.