கயிற்றை இழுக்கலாம், யாரும் திட்டமாட்டார்கள்

கைகளும் கருவிகளும் – 12

சென்ற வாரம் ஜப்பானியர் சகிச்சி டொயோடாவின் தறியோடு நிறுத்தியிருந்தோம். 1924-ல் அவர் உருவாக்கிய தானியங்கித் தறியில் ஓர் இழை அறுந்தால் போதும், தறி தானே நின்றுவிடும். குறையுள்ள துணி கஜக்கணக்கில் ஓடி வீணாவது அதனால் நின்றது. தறிக்கு ஓர் ஆள் என்று காவல் நிற்க வேண்டிய அவசியமும் போனது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அதன் காப்புரிமையை விலை கொடுத்து வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் தொழிலில் இறங்கியபோது, 'குறை தெரிந்த இடத்திலேயே நிறுத்து' என்ற பாடமும் கூடவே வந்தது.

நிறுத்தும் உரிமையை இயந்திரத்துக்குக் கொடுத்தாயிற்று. அதைத் தொழிலாளிக்கும் கொடுத்தால்? இந்தக் கேள்விக்கு உலகமே பார்க்கும்படி விடை கிடைத்த இடம் ஜப்பானில் இல்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருக்கிறது. இன்று நம்மவர்கள் பலர் குடியிருக்கும் அதே ஃப்ரீமாண்ட்தான்.

லைன் நிற்கக் கூடாது

ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1960-களின் தொடக்கத்தில் ஒரு கார் ஆலையைத் திறந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று அது பெயரெடுத்தது. எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. திடீர் வேலைநிறுத்தங்கள் நடந்தன. தீர்க்கப்படாத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. ஆலைக்குள்ளேயே குடித்தார்கள். நிர்வாகத்தின் மேல் இருந்த கோபத்தில் காலி பாட்டிலைக் கதவுக்குள் போட்டு மூடிவிடுவார்கள் என்றும், வண்டி ஓடும்போது அது உள்ளே கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும் என்றும் அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆலையில் எல்லாரும் அறிந்த சட்டம் ஒன்றுதான்: என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. தவறான பாகம் மாட்டப்பட்டாலும், திருகு ஏறாமல் போனாலும் வண்டி அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட வேண்டும். கடைசியில் முற்றத்தில் வரிசையாக நிறுத்திவைத்து ரிப்பேர் பார்ப்பார்கள். ஒருவர் குழிக்குள் விழுந்தபோதுகூட லைனை நிறுத்தவில்லை என்று பழைய தொழிலாளி ஒருவர் வானொலிப் பேட்டியில் சொன்னார்.

தன் கண்ணெதிரே குறையோடு நகரும் வண்டியை ஒருவன் தினமும் பார்க்கிறான். சொன்னால் கேட்க ஆள் இல்லை. நிறுத்தினால் வேலை போய்விடும். பத்து வருடம் இப்படிப் போனால் அவனுக்குத் தன் வேலையின் மேல் என்ன மரியாதை மிச்சமிருக்கும்?

1982-ல் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன.

அதே ஆட்கள், அதே சங்கம்

அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரோஜர் ஸ்மித்தும் டொயோடாவின் எய்ஜி டொயோடாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மூடிக்கிடந்த ஃப்ரீமாண்ட் ஆலையை இருவரும் சேர்ந்து நடத்துவது, அன்றாட நிர்வாகம் டொயோடாவின் கையில் என்பது ஏற்பாடு. 'நம்மி' என்று அழைக்கப்பட்ட அந்தக் கூட்டு நிறுவனத்தின் முதல் தலைவர் கீச்சிரோவின் இளைய மகன் தட்சுரோ டொயோடா.

யாரை வேலைக்கு எடுப்பது என்பதில்தான் பலரும் அதிர்ந்தார்கள். முதலில் சேர்க்கப்பட்ட தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் அந்தப் பழைய ஆலையின் ஆட்களே. யு.ஏ.டபிள்யூ. என்ற அதே வாகனத் தொழிலாளர் சங்கம், அதே சங்கத் தலைவர்கள். தொழிலாளர்களில் குழுத் தலைவர்களாகப் பொறுப்பேற்கவிருந்த நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானில் உள்ள டக்கவோக்கா ஆலைக்குச் சில வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1987-ல் எடுத்த கணக்கு இது: 100 காருக்குத் தொகுப்புக் குறைகள் நம்மியில் 45. டக்கவோக்காவிலும் அதே 45. ஒரு காரைத் தொகுக்க நம்மிக்கு 19 மணி நேர உழைப்பு போதுமானதாக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ராமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரம் தேவைப்பட்டது. வேலைக்கு வராதோர் எண்ணிக்கை 20 சதவீதத்திலிருந்து மூன்று, நான்கு சதவீதத்துக்கு இறங்கியது.

சோம்பேறிகள், குடிகாரர்கள், திருத்தவே முடியாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட அதே மனிதர்களின் கைதான் இதைச் செய்தது. அப்படியென்றால் முன்பு குறை எங்கே இருந்தது?

கயிறு இழுபடும்போது

நம்மியின் லைனை ஒட்டி, தொழிலாளியின் தலைக்கு மேலே கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு நீளமாக ஓடியது. அண்டோன் கயிறு என்று பெயர்.

சீட் பெல்ட்டின் போல்ட்டை முடுக்குகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒரு வண்டி அவரைக் கடந்து போகிறது. ஒரு வண்டியில் போல்ட் பாதியில் சிக்கிக்கொள்கிறது. உடனே கயிற்றை இழுக்கிறார். மேலே பலகையில் அவர் நிற்கும் இடத்தின் எண்ணுக்கு விளக்கு எரிகிறது, கூடவே ஒரு சிறு இசை ஒலிக்கிறது. லைன் அந்த நொடியே நிற்பதில்லை; அவருடைய எல்லைக்கோடு வரை வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் குழுத் தலைவர் ஓடி வருகிறார். இருவரும் சேர்ந்து போல்ட்டைச் சரிசெய்துவிட்டால் கயிற்றை மறுபடி இழுத்து விளக்கை அணைத்துவிடலாம். முடியாவிட்டால் லைன் நிற்கும். பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் இவர் ஒருவருக்காகக் காத்திருக்கும்.

ஓடி வருகிறவர் முதலில் என்ன கேட்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "என்ன பண்ணித் தொலைச்சே?" என்று கேட்டால் அன்றோடு அந்தக் கயிறு வெறும் அலங்காரமாகிவிடும், மறுநாள் யாரும் தொடமாட்டார்கள். "என்ன பிரச்சினை, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டால், குறையைக் காட்டிக்கொடுத்ததற்கு நன்றியும் சொன்னால், அடுத்த முறை அரை நொடிகூடத் தயங்காமல் அந்தக் கை மேலே போகும்.

டொயோடா ஆலைகளில் மேற்பார்வையாளர்களுக்கு இதைத்தான் பழக்கினார்கள். கயிறு இழுபடுவது நல்ல சேதி. ஒரு ஷிப்ட் முழுக்க ஒருவருமே இழுக்கவில்லை என்றால் குறை எங்கோ மறைந்து போய்க்கொண்டிருக்கிறது என்று கவலைப்பட வேண்டும்.

'யார்' என்று கேட்காமல் 'ஏன்' என்று கேட்பது

டொயோடா உற்பத்தி முறையை வடித்தெடுத்த தாயிச்சி ஓனோ சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. ஓர் இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை அதிகமாகி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் சுமை அதிகமானது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போய்விட்டது.

முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்த மாதம் அதே இயந்திரம் மறுபடி நின்றிருக்கும். வடிகட்டி வரை போனதால் பிரச்சினை வேரோடு போயிற்று.

இந்த ஐந்து பதில்களில் எத்தனை மேலாளரின் மேசையில் கிடைக்கும்? எண்ணெய் ஊற்றுகிறவர், சத்தம் மாறியதை முதலில் கேட்டவர், துகளைத் தினமும் பெருக்குகிறவர் ஆகியோரிடம்தான் அவை இருக்கின்றன. பழி தன்மேல் விழாது என்ற நம்பிக்கை வந்தால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். நம்மி பயிற்சிப் பொறுப்பில் இருந்த ஜான் ஷூக் எழுதியிருக்கிறார்: ஜப்பான் போய் வந்த ஃப்ரீமாண்ட் தொழிலாளர்கள் ஊருக்கு எடுத்துப்போக விரும்பியது, ஆள் தேடிப் பழி போடாமல் பிரச்சினையை மட்டும் பார்க்கும் அந்தப் பழக்கத்தைத்தான்.

வேலை போகாது என்ற வாக்கு

தொழிலாளியின் யோசனையைக் கேட்கும் திட்டம் ஜப்பானுக்கே அமெரிக்காவிலிருந்து போனது. 1950-ல் எய்ஜி டொயோடா ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் ஆலைக்குப் போனார். அங்கே கண்ட ஆலோசனைத் திட்டத்தை மனதில் வைத்து 1951-ல் டொயோடாவில் தொடங்கினார்கள். அதற்குச் சற்று முன்புதான் டொயோடா கடனில் மூழ்கி, ஆட்குறைப்பு செய்து, பெரும் வேலைநிறுத்தத்தைச் சந்தித்திருந்தது; கீச்சிரோவே பதவி விலகியிருந்தார். அந்தக் காயம் ஆறாத நிலையில் ஆட்களிடம் யோசனை கேட்கப் போனால், வேலைக்கு உத்தரவாதம் தராமல் முடியாது என்பது புரிந்திருந்தது.

ஃப்ரீமாண்டிலும் அதையே செய்தார்கள். 1985-ல் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், நிறுவனத்தின் இருப்பே ஆட்டம் காணும் நிலை வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை என்று எழுதினார்கள். அப்படியொரு நிலை வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளம் குறையும், வெளியே கொடுத்த வேலைகள் உள்ளே வரும், அதன் பிறகுதான் தொழிலாளியின் மேல் கை வைக்கலாம்.

வாக்குக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. நம்மியில் தயாரான ஷெவர்லே நோவா சரியாக விற்கவில்லை. 1980-களின் இறுதியில் ஆலை தன் முழுத் திறனைவிட வெகு குறைவாகவே ஓடியது. ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. கூடுதல் ஆட்களைப் பயிற்சிக்கும், லைனைச் சீர்செய்யும் வேலைகளுக்கும் மாற்றினார்கள்.

இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவரே செய்யும் வழி ஒரு தொழிலாளிக்குத் தெரிகிறது என்றால், அதைச் சொன்னதும் பக்கத்தில் நிற்கும் நண்பனின் வேலை போகும் ஆலையில் அவர் சொல்வாரா? சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. நண்பன் வேறு நல்ல வேலைக்குப் போவான் என்ற உறுதி இருந்தால் சொல்வார். நம்மியில் 1991-ம் ஆண்டு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் யோசனைகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை செயலுக்கும் வந்தன என்று அந்த ஆலையை ஆராய்ந்த பால் அட்லர் பதிவு செய்திருக்கிறார்.

நம்மியில் மேலாளருக்குத் தனி உணவுக்கூடம் கிடையாது. காரை நிறுத்தத் தனி இடமும் கிடையாது. பழைய ஆலையில் வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அளக்கப் பொறியாளர்கள் கடிகாரத்தோடு வருவார்கள். நம்மியில் தொழிலாளர்களே ஒருவர் வேலையை ஒருவர் அளந்து, எது சிறந்த முறை என்று கூடிப் பேசி எழுதிவைத்தார்கள்.

மறுபக்கம்

இதைச் சொர்க்கமாக வரைந்தால் அது உண்மைக்குத் துரோகம். மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் ஆகிய தொழிற்சங்க எழுத்தாளர்கள் 1988-லேயே இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். பழைய ஆலையில் நிமிடத்துக்கு 45 வினாடி ஓடிய கை இங்கே 57 வினாடி ஓடுகிறது, மூச்சு விடும் நேரத்தையும் பிழிந்துவிட்டார்கள் என்றார்கள். அந்தக் குரலில் நியாயம் உண்டு. தொழிலாளியின் யோசனையை வாங்கி அவரையே இன்னும் வேகமாக ஓடவைப்பதற்குப் பாராட்டு என்று பெயர் வைக்க முடியாது. மிச்சமான வினாடியில் ஒரு பங்கு அவருடைய உடம்புக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரல் 1-ல் நம்மியின் கடைசி கார் லைனை விட்டு இறங்கியது. 4,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அந்த ஆலை இன்று டெஸ்லாவின் கையில் இருக்கிறது. தளத்தில் கிடைக்கும் மரியாதை, முதலாளிகள் மேலே எடுக்கும் முடிவிலிருந்து காப்பாற்றாது. அதனால்தான் மரியாதையோடு சங்கமும் எழுத்துபூர்வமான ஒப்பந்தமும் வேண்டும்.

நம் தளங்களில்

இந்தப் பாடம் நமக்குப் புதிதில்லை. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல், தரத்துக்காக வழங்கப்படும் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்தியாவில் அதுதான் முதல். 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. இங்கேயும் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் நம் தொழிற்பேட்டைகளில் பெரும்பாலான இடங்களில் பாராட்டு என்றால் 'இம்மாதச் சிறந்த ஊழியர்' படமும், ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸும்தான். கேன்டீன் வாசலில் ஆலோசனைப் பெட்டி தொங்கும். அதில் போட்ட சீட்டுக்கு என்ன ஆனது என்று எழுதியவருக்குத் தெரியாது. இரண்டு முறை எழுதிப் பார்த்தவர் மூன்றாம் முறை எழுதமாட்டார். கான்ட்ராக்ட் தொழிலாளியிடமோ யாரும் கேட்பதே இல்லை. மிஷினோடு பத்து மணி நேரம் நிற்பவர் பல இடங்களில் அவர்தான்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒரு யோசனை வந்தால் ஒரு வாரத்துக்குள் ஆளைத் தேடிப் போய்ப் பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் காரணத்தைச் சொல்லுங்கள். குறையைக் காட்டியவர்மேல் மெமோ பாயாது என்பதை எழுத்தில் கொடுங்கள், நிரந்தரத் தொழிலாளிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்து. யோசனையால் மிச்சமான பணத்தில் சொன்னவருக்கும் அவருடைய குழுவுக்கும் பங்கு கொடுங்கள். மேடையில் போர்த்தும் சால்வை இவை மூன்றுக்கும் பிறகு வரட்டும்.

ஒருவர் சொன்னதைக் கேட்டு ஓர் ஆலையே ஒரு நிமிடம் நிற்கிறது என்றால், அவருடைய அறிவுக்கு அந்த ஆலை கொடுக்கும் மதிப்பு அது. அந்த மதிப்பைத் தினமும் பெறுகிறவர் கதவுக்குள் பாட்டிலைப் போடமாட்டார்.

அடுத்த வாரம்: 1987-ல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற பால் ஓ'நீல், முதலீட்டாளர்கள் முன்னால் லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் திகைத்தார்கள். பிறகு நடந்தது என்ன?

(தொடரும்)