ஒரே ஸ்டிக்கர், ரெண்டு லேப்டாப்: திண்டுக்கல் வெயிலில் எது தாங்கும்?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துப் பேசப் போறேன். நிலக்கோட்டைப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்டில் பூ வியாபாரம். இவங்க இந்த வருஷம் சிவில் இன்ஜினியரிங் சேரப் போறாங்க. லேப்டாப்புக்கு வீட்டில் ஒதுக்கியிருக்கிற காசு 60,000 ரூபாய். நாலு வருஷத்துக்கும் இந்த ஒண்ணுதான், நடுவில் மாத்த வழியில்லை. திண்டுக்கல்லில் ஒரு கடையில் அதே விலைக்கு ரெண்டு காட்டியிருக்காங்க. ஒண்ணு ஒரு கிலோ சொச்சம், பரீட்சை அட்டை மாதிரி மெல்லிசு. இன்னொண்ணு ரெண்டு கிலோவுக்கு மேல, பின்னாடி ரெண்டு ஃபேன் வாய். "ரெண்டுலயும் ஐ5னுதான் ஸ்டிக்கர் இருக்கு. அப்புறம் எதுக்குண்ணா குண்டா இருக்கிறதை வாங்கணும்?"

நியாயமான கேள்வி. பதில் அந்த ஸ்டிக்கரில் இல்லைங்கிறதுதான் பிரச்சினையே.

புராசஸர் வாங்குற மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் கடைசியில் சூடாத்தான் வெளியே வரும். மெல்லிய லேப்டாப்புகளில் வர்ற யு வகை சிப்புக்கு அடிப்படைக் கணக்கு பெரும்பாலும் 15 வாட். கெட்டி லேப்டாப்பில் வர்ற எச் வகைக்கு 45 வாட். இது எவ்வளவுன்னு புரியணும்னா, ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குற சின்ன சால்டரிங் அயனை நினைச்சுப் பாருங்க. அது 25 வாட்தான். கட்டைவிரல் நகம் அளவு சிலிக்கான் துண்டில் அதைவிட அதிகமான சூடு பிறக்குது. அதை வெளியே தள்ள செம்புக் குழாய், தகடு, ஃபேன், காற்று போய் வர இடம் எல்லாம் வேணும். லேப்டாப்பை மெல்லிசா ஆக்கும்போது முதலில் பறிபோறது இந்த இடம்தான்.

அப்போ குறைந்த வாட் சிப்புன்னா ஏமாத்து வேலையா? இல்லை. அதுக்குப் பின்னாடி ஒரு அழகான கணக்கு இருக்கு. சிப்பின் வேகத்தைக் கூட்டணும்னா மின்னழுத்தத்தையும் கூட்டணும். செலவாகிற மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும். ஆனா மின்னழுத்தத்தோட அதன் வர்க்கமா ஏறும். இதைத் திருப்பிப் போடுங்க. வேகத்தில் 20 சதவீதம் விட்டுக்கொடுத்து, அதனால மின்னழுத்தத்தை 15 சதவீதம் குறைக்க முடிஞ்சா, மின்செலவு 40 சதவீதத்துக்கு மேல இறங்கிடும். கொஞ்சம் வேகத்தைக் கொடுத்து நிறைய சூட்டை மிச்சம் பிடிக்கிற இந்த பேரத்தில்தான் மெல்லிய லேப்டாப் உலகமே நிக்குது.

இந்த மோகத்தைப் பெருசா கிளப்பி விட்டது ஆப்பிள். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆபீஸ் கவர் ஒண்ணுக்குள்ள இருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தார். 1.36 கிலோ. அதுக்குப் பதிலா என்ன போச்சுன்னு அன்னைக்குப் பலர் கவனிக்கலை. டிவிடி டிரைவ் இல்லை, ஒரே ஒரு யுஎஸ்பி, ரேம் போர்டிலேயே ஈயம் வச்சு ஒட்டியது, பேட்டரியை நாமளா கழற்ற முடியாது. 2011-ல் இன்டெல் 'அல்ட்ராபுக்'னு பேர் வச்சு மத்த கம்பெனிகளையும் அதே வழியில் இழுத்தது. 2015-ல் வந்த 12 அங்குல மேக்புக்கில் ஃபேனே கிடையாது, எடை 0.92 கிலோ. உள்ளே இருந்தது கோர் எம்னு ஒரு 4.5 வாட் சிப்.

ஸ்டிக்கர் கதை வர்றது இங்கதான். கோர் எம் வரிசையில் எம்3, எம்5, எம்7னு தனிப் பெயர்கள் இருந்துச்சு. வாங்குறவங்களுக்கு இது வேற ஜாதிச் சிப்புன்னு தெரியும். 2016-ல் ஏழாம் தலைமுறை வந்தப்போ எம்5, எம்7 ரெண்டையும் இன்டெல் ஐ5, ஐ7னு மாத்திடுச்சு. 15 வாட் சிப்பும் ஐ5, 4.5 வாட் சிப்பும் ஐ5. மாடல் நம்பருக்கு நடுவில் ஒளிஞ்சிருந்த 'ஒய்'ங்கிற ஒரு எழுத்துதான் வித்தியாசம். என்னைக் கேட்டா இது சாமர்த்தியம் இல்லை, கண்கட்டு. இப்போ பெயர்கள் மாறிடுச்சு. ஆனா தங்கச்சி பார்த்த ரெண்டு ஐ5-லயும் கதை அதே மாதிரிதான். கடைசி எழுத்தைப் பாருங்க, அது தெரியலைன்னா வாட் எவ்வளவுன்னு கேளுங்க.

"கடையில் ரெண்டும் ஒரே வேகமா இருந்துச்சே"ன்னு கேட்கலாம். இருக்கும். நம்ம ஊர்க்காரங்களுக்குத் தண்ணி உதாரணம் சொன்னா பட்டுன்னு புரியும். மாடி டேங்க் நிறைஞ்சிருக்கும்போது குழாயை எவ்வளவு வேணும்னாலும் திறந்து விடலாம். டேங்க் காலியாச்சுன்னா, முனிசிபாலிட்டி குழாயில் வர்ற அளவுதான். சிப்பும் ஆறியிருக்கும்போது கொஞ்ச நேரம் 15 வாட்டைத் தாண்டி ரெண்டு, மூணு மடங்கு இழுத்துக்கும். அதுக்குப் பேர் டர்போ. பல இன்டெல் லேப்டாப் சிப்புகளில் இந்தச் சலுகைக்கு வழக்கமான கணக்கு 28 நொடி. பிரவுசர் திறக்க, வேர்டு ஃபைல் திறக்க அது தாராளம். ரெவிட்டில் ஒரு கட்டடத்தை அரைமணி நேரம் ரெண்டர் பண்ண 28 நொடி எந்த மூலைக்கு?

இதில் ஊரும் ஒரு கணக்கு. சூடு எவ்வளவு வேகமா வெளியே போகும்ங்கிறது சிப்புக்கும் ரூம் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப் 95 டிகிரி வரைக்கும் போகலாம்னு வச்சுப்போம். ஏசி போட்ட கடையில் 25 டிகிரி, வித்தியாசம் 70. மே மாசம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ 40 டிகிரி, வித்தியாசம் 55. அதே தகடு, அதே ஃபேன், ஆனா தள்ளக்கூடிய சூடு அஞ்சில் ஒரு பங்கு குறைஞ்சுபோச்சு. கடையில் 15 வாட் தாங்கினது வீட்டில் 12 கூடத் தாங்காது. யூடியூப் ரிவ்யூ எல்லாம் ஏசி ரூமில் எடுத்ததுங்கிறதை மறந்துடாதீங்க. கொடைக்கானலுக்குத் தூக்கிட்டுப் போனா சரியாகுமான்னு கேட்காதீங்க. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றே அஞ்சில் ஒரு பங்கு லேசு. ஃபேன் அதே வேகத்தில் சுத்தினாலும் குறைவான காற்றைத்தான் தள்ளும். குளிரில் கிடைச்ச லாபத்தில் ஒரு பகுதி அதுக்கே போயிடும்.

ரேம் விஷயத்தையும் சொல்லிடறேன். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சது. அந்தக் காலத்துக் கனமான பெட்டிகள்தான். ஆனா நாலு ஸ்குரூ கழற்றினா ரேம், ஹார்டு டிஸ்க் ரெண்டையும் மாத்தலாம். அதில் எஸ்எஸ்டி மாட்டி வருஷக்கணக்கா ஓட்டினவங்களை எனக்கே தெரியும். இன்றைய மெல்லிய லேப்டாப் பலதில் ரேமை போர்டிலேயே ஒட்டிடறாங்க. 2024-ல் இன்டெல் விட்ட லூனார் லேக் சிப்பில் ரேம் சிப் பொட்டலத்துக்குள்ளேயே வந்துடுச்சு. பேட்டரி நல்லா நிக்கும், உண்மைதான். ஆனா வாங்குற அன்னைக்கு எத்தனை ஜிபியோ, நாலாம் வருஷமும் அதேதான்.

இவ்வளவும் கேட்டுட்டு மெல்லிசு மோசம்னு முடிவு பண்ணிடாதீங்க. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏரில் ஃபேன் இல்லை. அதிலேயே கோடிங், வீடியோ எடிட்டிங் எல்லாம் ஜோரா நடக்குது. ஃபேன் இல்லாததால உள்ளே தூசி இழுக்குற வேலையும் இல்லை. பி.காம்., தமிழ் இலக்கியம், ஏன், கம்ப்யூட்டர் சயின்ஸ்கூட மெல்லிசில் தாராளமா படிக்கலாம். கரண்ட் போனா அஞ்சாறு மணி நேரம் தாங்குறதும் அதுதான். கெட்டி ரகத்தில் கரண்ட் இல்லாம ரெண்டர் போட்டா பேட்டரி ஒரு மணி நேரத்தில் கையை விரிச்சிடும்.

ஆனா தங்கச்சி, உங்க படிப்பு சிவில். ரெவிட், ஸ்டாட் ப்ரோ எல்லாம் வரும். தினமும் நிலக்கோட்டையில் இருந்து பஸ்ஸில் நின்னுட்டே போய் வரணும்ங்கிறதும் எனக்குப் புரியுது. சார்ஜரையும் சேர்த்தா அந்த குண்டு மூணு கிலோவைத் தொடும். அதனால ரெண்டையும் விட்டுட்டு நடுவில் ஒண்ணு தேடுங்க. எடை 1.6 கிலோ பக்கம், நல்ல ஃபேன், 16 ஜிபி ரேம், இல்லைன்னா 8 ஜிபியோட காலியா ஒரு ரேம் ஸ்லாட். ஹாஸ்டலில் தங்குறதா முடிவானா யோசிக்கவே வேணாம், குண்டையே வாங்குங்க.

கடையில் டெமோ பீஸ் இருந்தா, பெரிய ஃபோல்டர் ஒண்ணை ஜிப் பண்ண விட்டுட்டு டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகத்தைப் பத்து நிமிஷம் பாருங்க. முதல் அரை நிமிஷம் 4 கிகாஹெர்ட்ஸ் காட்டும். பத்தாவது நிமிஷம் காட்டுற எண்தான் நீங்க காசு கொடுத்து வாங்குற வேகம். கடைக்காரர் முறைச்சா ஒரு டீ சொல்லிட்டு உட்காருங்க.

எதை வாங்கினாலும், மெத்தை மேல வைக்காதீங்க, காற்று உள்ளே போற ஓட்டை அடியில்தான் இருக்கு. வெயில் காலத்தில் சார்ஜரை மாட்டியே வச்சிருக்கிறவங்க, செட்டிங்ஸில் 80 சதவீதத்தோட சார்ஜை நிறுத்துற வசதி இருந்தா அதைப் போட்டு வைங்க. நூறு சதவீத சார்ஜும் 40 டிகிரி சூடும் ஒண்ணா சேர்ந்தா லித்தியம் பேட்டரி சீக்கிரமே சோர்ந்துடும். மெல்லிய லேப்டாப்பில் அதை மாத்த, பின்பக்கத்தையே பிரிக்கணும்.