மூணு யூனிட் குடும்பம்: கள்ளக்குறிச்சியில் ஒரு நாள் கூலி எவ்வளவு தாங்கும்?

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல இறந்தாங்க. நிறைய பேர் தினக்கூலித் தொழிலாளர்கள். அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவிச்சதும், "குடிச்சவனுக்கு எதுக்கு இவ்வளவு?"ன்னு சோஷியல் மீடியா முழுக்கச் சண்டை. ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அவங்க உயிரோட இருந்தப்போ வந்த கூலி ஒரு குடும்பத்துக்குப் போதுமா?

"போதும்"னா எவ்வளவு? அதுக்கு ஒரு ஃபார்முலா இருக்கு. 1957-ல நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு சொன்னது. தொழிலாளி 1 யூனிட், மனைவி 0.8, ரெண்டு பிள்ளைங்க தலா 0.6. மொத்தம் 3. இவங்களுக்குச் சாப்பாடு, வருஷத்துக்கு 72 கஜம் துணி, வாடகை, கூடவே எரிபொருள், விளக்குச் செலவு. 1991-ல ரெப்டகாஸ் பிரெட் வழக்குல, சென்னை ஆலைத் தொழிலாளர்களோட வழக்கு அது, படிப்பு, மருத்துவம், கல்யாணம், முதுமைக்குன்னு இன்னும் 25 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் சேர்த்துச்சு. வீட்டுல இருக்கிற பாட்டி தாத்தா அந்த 3 யூனிட்ல வரவே மாட்டாங்க. கவனிச்சுக்கோங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். 2024-25-ல தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்குக் கூலி 319 ரூபாய். அந்த நூறு நாளும் ஆளுக்கு இல்ல, ஒரு குடும்பத்துக்கு. முழுசாக் கிடைச்சாலும் வருஷத்துக்கு 31,900. மாசத்துக்கு 2,658 ரூபாய். மத்திய அரசு அமைச்ச சத்பதி குழு, 2018 விலைவாசிக்கே ஒரு நாளைக்கு 375 ரூபாய் வேணும்னு சொல்லியிருந்துச்சு.

மிச்ச நாளுக்கு என்ன பண்றது? கல்வராயன் மலையில மானாவாரி நிலம், மரவள்ளி. அது பத்தாம, மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் கேரளா, குடகு தோட்டங்களுக்குக் கிளம்புறாங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா பள்ளிக்கூடம் விட்டுப்போகும். விட்டுட்டுப் போனா பாட்டிதான் பார்த்துக்கணும். ஃபார்முலாவுல இல்லாத அதே பாட்டி.

அடுத்து சலுகைகள். ஐடி கம்பெனியில 26 வாரம் பிரசவ விடுப்பு, பிஎஃப் எல்லாம் நமக்கு ரொம்ப சாதாரணம். இதெல்லாம் முதலாளி-தொழிலாளி உறவோட ஒட்டினது. பொதுவா 10 பேர் இருந்தா இஎஸ்ஐ, 20 பேர் இருந்தா பிஎஃப். இன்னைக்கு ஒருத்தர் வயல், நாளைக்கு வேற கட்டட வேலைன்னு போறவங்களுக்கு முதலாளி யாரு? குழந்தைக்குக் காய்ச்சல்னா அரசு ஆஸ்பத்திரியில வைத்தியம் இலவசம்தான். ஆனா கூடப்போற அம்மாவோட அன்னைக்குக் கூலி போச்சு. அந்த ஒரு நாளை யாரும் ஈடுகட்டுறதில்ல.

அந்த இடத்தை ஓரளவு அரசு நிரப்புது. ரேஷன் அரிசி, 2022-ல ஆரம்பிச்ச காலை உணவு, 2023-ல வந்த மாசம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. வருஷத்துக்கு அது 12,000. முழு நூறு நாள் கூலியில மூணுல ஒரு பங்குக்கு மேல. இதை "இலவசம்"னு கிண்டல் பண்றோம். உண்மையில கூலியில விழுந்த ஓட்டையைத்தான் அது அடைக்குது.

அப்போ பதில்? கூலி மட்டும் தாங்கல. திட்டங்கள் சேர்ந்தா வயிறு நிறையும்; ஆனா ஒரு நோய், ஒரு சாவு வந்தா கடன்தான்.

நம்மால ஆகுற ஒண்ணு: உங்க ஆபீஸ்ல கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிற ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு இஎஸ்ஐ, பிஎஃப் கட்டுறாங்களான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.